கோடைக் காய்ப்பு: எதை எப்போது பறிப்பது, பறித்ததை எப்படி வைத்துக்கொள்வது?

மாடிச்செடி:

வணக்கம். தரையில் இரண்டு பாத்தி, அதோடு 20 லிட்டர் செடிப்பைகள் கொஞ்சம். வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், செடி பீன்ஸ், பந்தலில் வெள்ளரியும் சுரையும். வளர்ப்பில் பெரிய குறையில்லை, எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளுகிறது. தடுமாற்றம் பறிப்பதிலும் பறித்தபின் வைத்துக்கொள்வதிலும்தான்.

1. வெண்டை இன்று பிஞ்சாகத் தெரிகிறது, அடுத்து பார்க்கும்போது நார் பாய்ந்துவிடுகிறது.
2. தக்காளி முழுச் சிவப்புக்கு வருவதே இல்லை. மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடுகிறது, சில காய் தோள்பட்டையில் வெடிக்கிறது.
3. ஒரே கொடியில் சில வெள்ளரி நன்றாக இருக்கிறது, சிலது கசக்கிறது.
4. கத்தரி மறுநாளே சுருங்குகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே விதை பழுப்பாகிவிடுகிறது.
5. குவிவதை வீணாக்காமல் சேமிக்க வழி?

பகலில் 36, 37 டிகிரி. தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை மாலை இரண்டு வேளை. பறிப்பது மாலையில், வேலை முடிந்து வந்தபின்.

---

பந்தல்காரர்:

பாதிக் கேள்விக்கு விடை உங்கள் கடைசி இரண்டு வரியிலேயே இருக்கிறது. தண்ணீரைப் பற்றி வேறு யாராவது சொல்வார்கள், நான் பறிப்பை எடுத்துக்கொள்கிறேன்.

பகலெல்லாம் வெயிலில் நின்ற காய் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். நேர்வெயில் படும் தக்காளி காற்றைவிட 10 டிகிரிகூட அதிகம் ஏறும். செடியைவிட்டுப் பிரித்தபின்னும் காய் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு வேகமாகும். உள்ளே இருக்கும் சர்க்கரை செலவாகும், தோல் வழியாக நீர் போகும், ஈடுசெய்ய வேர் இல்லை. மாலையில் சூட்டோடு பறித்துக் கூடையில் குவித்து மூடி வைத்த கத்தரி மறுநாள் சுருங்காமல் என்ன செய்யும்?

விடிந்து வெயில் ஏறுவதற்குள் பறியுங்கள். காய்க்குள் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும் நேரம் அது. மாலைதான் முடியும் என்றால் சூரியன் இறங்கி ஒரு மணி நேரமாவது போகட்டும். பறித்ததை உடனே நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, சூடு தணிந்தபின் உள்ளே எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

காலையில் பறிப்பதற்கு ஒரு விலக்கு பீன்ஸ். பனி காய்ந்தபிறகுதான் அந்தச் செடியில் கை வைக்க வேண்டும். ஈர இலையை உரசிக்கொண்டே ஒவ்வொரு செடியாகப் போனால் துருநோயையும் பாக்டீரியா கருகலையும் நாமே சுமந்துபோய்ப் பரப்புகிறோம்.

இனி காய்களுக்கு வருவோம்.

வெண்டையில் பூ விரிந்ததிலிருந்து 4 முதல் 6 நாளுக்குள் காய் தயார். உங்கள் வெயிலுக்கு நான்காம் நாளே பார்த்துவிடுவது நல்லது. பொதுவாக 7 முதல் 10 செ.மீ. என்பார்கள், ஆனால் நீளத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். நீள ரகங்கள் அதைத் தாண்டியும் பிஞ்சாக இருக்கும். தண்ணீர் குறைந்த செடியில் குட்டைக் காயே நார் பாய்ந்திருக்கும். நுனியை வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும், ஒடியாமல் மடங்கினால் முற்றல். எல்லாக் காயையும் ஒடித்துக்கொண்டே போனால் ஒடிந்த இடம் கறுத்துப்போகும். ஒரு செடியில் ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு அந்தப் பருமனைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியும் காட்டிக்கொடுக்கும்: காம்பில் தடையில்லாமல் இறங்கினால் காய் இளசு, அறுக்க வேண்டியிருந்தால் உள்ளேயும் அப்படித்தான்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை, வெயில் கடுமையாக இருந்தால் தினமும். முற்றிப்போனது கண்ணில் பட்டால் "சமையலுக்கு ஆகாதே" என்று விட்டுவிடாதீர்கள், அதையும் வெட்டி எறியுங்கள். விதையை முற்ற வைப்பதுதான் செடியின் நோக்கம். இரண்டு காய் முற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இது வெள்ளரி, பீன்ஸ், சுரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். பறிப்பதும் ஒரு வகைக் கவாத்துதான். வெண்டைச் செடியின் சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கு அளவைவிடப் பளபளப்பு முக்கியம். தோல் மினுங்க வேண்டும், கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் குழி விழுந்து மெல்லத் திரும்ப வேண்டும். குழியே விழாவிட்டால் இன்னும் பிஞ்சு. குழி விழுந்து அப்படியே நின்றுவிட்டால், அல்லது தோல் மங்கிவிட்டால், விதை முற்றி உள்ளே பஞ்சாகிவிட்டது. இழுத்துப் பறிக்காதீர்கள், கிளையே கிழியும். புல்லிவட்டத்தோடு 2 செ.மீ. காம்பு விட்டுக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். அந்தக் காம்பு காயில் இருக்கும்வரை நீர் இழப்பு குறைவு.

மிளகாயில் பச்சையாக எடுக்க எடுக்கக் காய்ப்பு கூடும். பழுக்க விட்டால் எண்ணிக்கை குறையும், காரமும் மணமும் கூடும். இரண்டும் வேண்டுமென்றால் செடிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரே செடியில் இரண்டையும் எதிர்பார்க்காதீர்கள்.

பீன்ஸ், உள்ளே விதை புடைக்கும் முன். ஒடித்தால் நீர்ச்சத்தோடு 'டக்' என்று ஒடிய வேண்டும். ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுங்கள். செடி பீன்ஸின் வேர் ஆழமில்லாதது, இழுத்தால் கையோடு வந்துவிடும்.

---

ஈரமண்:

தக்காளிக்கு நான்.

சிவப்பு வராததற்குக் காரணம் உரமும் இல்லை, ரகமும் இல்லை, வெயில். தக்காளியின் சிவப்பு லைக்கோபீன் என்ற நிறமி. அது நன்றாக உருவாவது 20 முதல் 25 டிகிரிக்குள். 30-ஐத் தாண்டினால் அநேகமாக நின்றுவிடும். மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டின் மட்டும் அந்தச் சூட்டிலும் உருவாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் காய் ஆரஞ்சிலேயே நின்று, அப்படியே கொழகொழவென்று மென்மையாகிவிடுகிறது. சிவக்கட்டும் என்று செடியிலேயே விட்டுக் காத்திருந்தால் கிடைப்பது வெடிப்பும் பறவைக் கொத்தலும்தான்.

என்ன செய்யலாம்? காயின் அடிப்புறத்தில், அதாவது காம்புக்கு எதிர்ப்பக்கம், பச்சை வெளிறி இளஞ்சிவப்போ மஞ்சளோ கொஞ்சம் எட்டிப்பார்க்கும்போதே பறித்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் காய் தானாகப் பழுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது, அதற்குமேல் செடி தேவையில்லை. வீட்டுக்குள் இருப்பதிலேயே குளிர்ச்சியான மூலையில், காம்பு வடு கீழே இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல் ஒற்றை அடுக்காக வையுங்கள். 20 டிகிரி சுமாருக்கு ஒரு வாரத்தில் முழுச் சிவப்பு வரும். ஜன்னலோரம் வெயிலில் வைக்கிறார்கள் சிலர். பழுக்க வெளிச்சம் வேண்டாம், மிதமான வெப்பம் போதும். வெயிலில் வைத்தால் மறுபடி அதே ஆரஞ்சுக் கதைதான். சீக்கிரம் வேண்டுமென்றால் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வாயை மடியுங்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுப்பதைத் துரிதப்படுத்தும்.

நிறம் எட்டிப்பார்க்காத முழுப் பச்சைக் காயைப் பறித்து இதே வேலையைச் செய்தால் பலன் சந்தேகம். முற்றாத பச்சை சிவந்தாலும் சப்பென்றுதான் இருக்கும்.

வெடிப்புக்குக் காரணம் தண்ணீரின் ஏற்ற இறக்கம். மண் காய்ந்து கிடக்கும்போது தோல் இறுகுகிறது. திடீரென்று நிறைய நீர் கிடைத்ததும் சதை வீங்குகிறது, தோல் ஈடுகொடுக்க முடியாமல் பிளக்கிறது. தினமும் இரண்டு வேளை "கொஞ்சம் கொஞ்சம்" என்றீர்களே, தரைப் பாத்தியில் அது மேல் 3, 4 செ.மீ. மண்ணைத்தான் நனைக்கும். வேரும் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும், நடுப்பகலில் அந்த அடுக்குதான் முதலில் காயும். அதற்குப் பதில் 15 முதல் 20 செ.மீ. ஆழம் நனையும்படி ஒரேயடியாக ஊற்றுங்கள். இரண்டு விரல்கணு ஆழத்தில் மண் காயத் தொடங்கும்போது அடுத்த முறை. செடிப்பைகள் வேறு கணக்கு. அவற்றுக்கு இந்த வெயிலில் தினமும் வேண்டும், அடித்துளை வழியாக நீர் கசியும்வரை. பாத்தி, பை இரண்டிலும் 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு போடுங்கள், காய்ந்த இலையோ வைக்கோலோ எதுவானாலும் சரி, தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு.

காயின் அடியில் கறுத்துத் தோல்போல அமுங்கிய வட்டம் வந்தால் அதுவும் இதே தண்ணீர்ப் பிரச்சினையின் இன்னொரு முகம். காய்க்குக் கால்சியம் போவது நீரோட்டத்தோடுதான். நீர் தடைப்பட்டால் மண்ணில் கால்சியம் இருந்தும் காய் நுனிக்குப் போய்ச் சேராது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது மண்ணில் கரையவே மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பருவக் காய்க்கு உதவாது. தழைச்சத்து உரத்தைக் குறைத்து ஈரத்தைச் சீராக்குங்கள். வந்த காயை எடுத்துவிடுங்கள், அடுத்த குலை சரியாக வரும்.

காயில் வெள்ளையாகக் காகிதம்போல ஒரு தழும்பு இருந்தால் அது வெயில் சுட்ட இடம். கோடையில் தக்காளி இலையைக் கழிப்பதில் கை நீளக்கூடாது, அந்த இலைதான் காய்க்குக் குடை. 30 முதல் 40 சதவீத நிழல்வலை, மேற்கு வெயிலை மறைக்கும்படி கட்டினால் போதும். முழுக்க மூட வேண்டாம். 35 டிகிரிக்கு மேலே போகும் நாட்களில் பூ உதிரும். மகரந்தம் வீரியம் இழப்பதால் வருவது அது, மருந்து தேடாதீர்கள்.

---

காம்புக்கத்தி:

ஈரமண் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நிறம் எட்டிப்பார்த்ததும் பறிப்பது உங்கள் 37 டிகிரிக்குச் சரி. பகல் 28, 29-க்குள் நிற்கும் நாட்களில் பாதிக்கு மேல் நிறம் ஏறும்வரை செடியில் விடுங்கள், மணத்தில் வித்தியாசம் தெரியும். சின்னக் குலைத் தக்காளி ரகங்களை எப்போதுமே கூடிய மட்டும் செடியில் பழுக்க விடுவதுதான் என் கட்சி. நாளை நல்ல மழை வரும்போல இருந்தால் மட்டும் நிறம் கண்ட அத்தனையையும் இன்றே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு நிச்சயம்.

இப்போது நாலாவது கேள்வி. வீட்டு ஃப்ரிட்ஜ் சாதாரணமாக 4 டிகிரியில் ஓடும். கோடைக் காய்களில் பெரும்பாலானவை வெப்ப மண்டலத்துச் சொந்தங்கள், அந்தக் குளிரை அவை தாங்காது. கத்தரி 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோலில் குழி விழும், உள்ளே விதையும் சதையும் பழுப்பாகும். நீங்கள் பார்த்தது அதுதான், கெட்டுப்போனதல்ல, குளிர்க்காயம். வெள்ளரியும் 10-க்குக் கீழே நீர் கோத்துக் குழைந்துவிடும். வெண்டை 7-க்குக் கீழே கறுத்துப் பிசுபிசுக்கும். தக்காளிக்கு 12, 13 டிகிரி. அதற்குக் கீழே பழுப்பதும் நிற்கும், மணமும் போகும்.

அதற்காக 37 டிகிரி அறையில் வெளியே வைக்கவும் முடியாது. ஃப்ரிட்ஜில் குளிர் குறைவான இடம் கதவும், பெரும்பாலான மாடல்களில் கீழே உள்ள காய்கறித் தட்டும். கத்தரி, வெள்ளரி, வெண்டை மூன்றையும் அங்கே, காகிதத்திலோ காய்ந்த பருத்தித் துணியிலோ சுற்றி, துளையிட்ட பையில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்க்காயம் நாள் ஏற ஏறத்தான் வெளியே தெரியும். மண்பானைக்குள் பானை வைத்து இடையில் ஈரமணல் நிரப்பும் முறையும் உண்டு. காற்று வறண்டிருக்கும் ஊரில் இது கத்தரி, தக்காளிக்கு ஃப்ரிட்ஜைவிட மேல். புழுக்கமான ஊரில் ஆவியாதல் நடக்காது, பயன் இல்லை.

நன்றாகப் பழுத்த தக்காளி மட்டும் வேறு. இன்று சாப்பிட ஆள் இல்லை, நாளை அழுகிவிடும் என்ற நிலையில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒன்றும் குடி முழுகாது. சாப்பிடும் முன் சில மணி நேரம் வெளியே எடுத்து வைத்தால் போதும்.

கழுவி வைக்காதீர்கள். வெண்டையில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அந்த இடத்திலிருந்துதான் கறுக்கும். கீரை மட்டும் நேர்மாறு: வெட்டியவுடன் குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்து, உதறி, ஈரத்துணியில் சுற்றினால் ஃப்ரிட்ஜின் முழுக் குளிரையும் தாங்கும்.

இன்னொன்று: தக்காளி, வாழை, மா போன்ற பழங்களை வெள்ளரியோடும் கீரையோடும் ஒரே தட்டில் போடாதீர்கள். அந்த எத்திலீன் வாயுவில் வெள்ளரி மஞ்சளாகும், கீரை இலை உதிரும்.

---

பந்தல்காரர்:

வெள்ளரி விட்டுப்போய்விட்டது.

கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின். வெள்ளரிக் குடும்பமே பூச்சியிடமிருந்து தப்பிக்க இதைச் செய்துகொள்கிறது. இலையிலும் தண்டிலும் எப்போதும் இருக்கும். வெயிலிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் காய்க்குள்ளும் ஏறும், முக்கியமாகக் காம்புப் பக்கமும் தோலுக்குக் கீழேயும். ஒரே கொடியில் சில கசந்து சில கசக்காமல் இருப்பது, அவை பருத்த நாட்களில் மண்ணின் ஈரம் மாறியதால். நீர் சீரானால் அடுத்தடுத்த காய்கள் தேறும். லேசான கசப்பு என்றால் காம்புப் பக்கம் 3 செ.மீ. வெட்டிவிட்டுத் தோலைக் கொஞ்சம் கனமாகச் சீவுங்கள். 15 முதல் 20 செ.மீ. ரகங்களை அந்த அளவிலேயே எடுக்க வேண்டும். உடம்பில் மஞ்சள் தட்டினால் காலம் கடந்துவிட்டது.

சுரைக்காய் கசந்தால் அதைச் சாப்பிடவே கூடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கசக்கும் சுரையில் இந்த நஞ்சு வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்த வீழ்ச்சி, இரைப்பையில் ரத்தக் கசிவு வரை கொண்டுபோகும் அளவுக்கு இருக்கலாம். வேகவைத்தாலும் போகாது. நறுக்கும்போது சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. பச்சையாகச் சாறு எடுத்துக் குடிப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவறவே விடக்கூடாது. பீர்க்கு, பூசணி, சீமைச்சுரைக்கும் இதே விதி. பாகற்காயின் கசப்பு வேறு பொருளால் வருவது, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுரையின் பறிப்புப் பருவம்: தோலில் பூனைமயிர்போல மெல்லிய முடி இன்னும் இருக்க வேண்டும், நகம் எளிதாக இறங்க வேண்டும். பூ சூல்கொண்டு இரண்டு வாரம் சுமார். பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தால் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. சுரைப் பூ மலர்வது சாயங்காலம், காலையில் போய்ப் பார்த்துப் பயனில்லை. அப்போது மலர்ந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழைக் கழித்து, அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தேய்த்துவிடுங்கள். பீர்க்கும் புடலையும் இப்படி மாலைக்காரர்கள். வெள்ளரியும் பாகலும் காலையில். சேர்க்கை முடிந்த பிஞ்சைத் துணிப்பையிலோ காகிதப்பையிலோ மூடினால் பழ ஈயும் துளைக்காது. துளை விழுந்து அழுகியதை உரக்குழியில் போடாதீர்கள், புழு அங்கே கூட்டுப்புழுவாகி மறுபடி வரும்.

---

உலர்தட்டு:

ஐந்தாவது கேள்வி: சேமிப்பு. முதலில் ஃப்ரீசர்.

பச்சைக் காயை அப்படியே உறைய வைத்தால் சில வாரத்தில் நிறம் மங்கி, வைக்கோல் வாடை வரும். உள்ளே இருக்கும் நொதிகள் அந்தக் குளிரிலும் மெதுவாக வேலை செய்வதே காரணம். கொதிநீரில் சிறிது நேரம் போட்டெடுத்தால் அவை அடங்கும்.

அரைக் கிலோ காய்க்கு 4 லிட்டர் தண்ணீர், தளதளவென்று கொதிக்க வேண்டும். காய் போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வர வேண்டும், வரவில்லை என்றால் காய் அதிகம். மறுகொதி வந்ததிலிருந்து நேரம் எண்ணுங்கள். பீன்ஸ் 3 நிமிடம். வெண்டை சிறியது 3, பெரியது 4, ஆனால் முழுசாக: காம்பைச் சீவும்போது விதையறை திறக்கக்கூடாது, திறந்தால் பானை முழுக்கப் பசை. கீரை 2 நிமிடம். கத்தரி ஒரு செ.மீ. வில்லையாக 4 நிமிடம், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் கறுக்காது. எடுத்ததும் பனிக்கட்டி போட்ட நீரில் அதே அளவு நேரம். இதைத் தவிர்த்தால் உள்சூட்டிலேயே வெந்துபோகும்.

பிறகு துணியில் நன்றாக ஈரம் ஒற்றி, தட்டில் ஒற்றை அடுக்காக ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம். கல்லாக உறைந்தபின் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். அப்போதுதான் கட்டியாக ஒட்டாமல் வேண்டியதை மட்டும் எடுக்கலாம். மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதத்துக்குக் குறையாமல் நன்றாக இருக்கும். பையில் தேதி எழுதுங்கள்.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் கொதிநீர் வேண்டாம். தக்காளியைக் கழுவித் துடைத்து முழுசாகவே உறைய வையுங்கள். எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். நறுக்கிப் பச்சையாகச் சாப்பிட ஆகாது, சமையலுக்கு மட்டும். வெள்ளரியை மட்டும் உறைய வைக்கவே வேண்டாம், கரைந்தபின் கூழ்தான் மிஞ்சும்.

உலர்த்துவதென்றால் கோடை நம் பக்கம். முழுதும் சிவந்த மிளகாயை, தரையில் இல்லாமல் உயர்த்திய வலைத்தட்டில் ஒற்றை அடுக்காக. இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பனியில் ஈரம் திரும்ப ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட மிளகாயைத் துடைத்துச் சேர்க்காதீர்கள், அது விடும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. வளைத்தால் நொறுங்க வேண்டும், குலுக்கினால் விதை சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பதம். காற்றில் ஈரம் அதிகமான இடங்களில் தக்காளியை வெயிலில் காயவைக்க முயலாதீர்கள், காய்வதற்குள் புளித்துவிடும். உலர்த்தும் கருவியில் 57 டிகிரி சுமாரில் வைக்கலாம்.

கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கொதிநீரில் வைத்து மூடும் முறையைப் பலர் கேட்பார்கள். புளிப்பில்லாத பீன்ஸ், வெண்டை, கத்தரி, கீரை எதையும் அப்படிச் செய்யக்கூடாது. பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்து 100 டிகிரி கொதிநீரைத் தாங்கும், காற்றில்லாத ஜாடிக்குள் முளைத்து நஞ்சு விடும். இவற்றுக்கு அதற்கென்றே உள்ள அழுத்தக் கலன் (பிரஷர் கேனர்) வேண்டும். சாதாரண பிரஷர் குக்கர் மாற்றாகாது. தக்காளி மட்டும் கொதிநீர் முறைக்கு ஒத்துவரும், அதிலும் அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி புட்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து. பிழிந்த பழத்தின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் புட்டிச் சாறு. பச்சை மிளகாயையோ பூண்டையோ எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பதும் இதே ஆபத்து.

---

மாடிச்செடி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. காலைப் பறிப்புக்கு மாறிக்கொள்கிறேன். இன்னும் இரண்டு. வெண்டைச் செடி தலைக்கு மேல் வளர்ந்து, இலை சிறுத்து, காயும் குறைகிறது. பிடுங்கிவிடலாமா? கத்தரியில் அசுவினி, மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்தால் எப்போது பறிக்கலாம்?

---

ஈரமண்:

வெண்டையைப் பிடுங்க வேண்டாம், தண்டில் நோய் இல்லாவிட்டால் வெட்டிவிடுங்கள். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், கீழே இரண்டு மூன்று கணுவாவது மிஞ்சும்படி சாய்வாக ஒரு வெட்டு. செடிக்கு இரண்டு கை மண்புழு உரம் அல்லது மக்கிய எரு, ஆழமாக ஒரு தண்ணீர். பக்கக்கிளை தழைத்து மறுபடி காய்க்கும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள், பாதியை இப்போது, மீதியை இரண்டு வாரம் கழித்து. இலையில் மஞ்சள் நரம்பு வலைப்பின்னல் தெரிந்தால் அது வைரஸ், அந்தச் செடியை வெட்டிப் பயனில்லை, வேரோடு எடுங்கள்.

கத்தரியும் இப்படி மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டினால் மறுதாம்பு, அதாவது அடியிலிருந்து மறுபடி தழைத்துக் காய்ப்பது, வரும். செடி பீன்ஸும் வெள்ளரியும் அப்படியல்ல, ஒரு சுற்றுக் காய்த்ததும் ஓய்ந்துவிடும். அவற்றை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டு வந்தால் இப்படி ஒரேயடியாகக் குவிவதும் குறையும். உயரம் நின்றுவிடும் புதர்த் தக்காளியும் ஒரே அலையில் முடிப்பது, கொடியாக ஏறும் ரகம் மட்டும் தொடர்ந்து தரும்.

தொடர்ந்து பறிக்கும்போது செடியிலிருந்து சத்தும் சேர்ந்தே போகிறது. பாத்திக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலுரம் போதும். பைகளில் தினசரி நீரோடு சத்தும் கசிவதால் வாரம் ஒருமுறை, புட்டியில் சொன்ன அளவில் பாதி வீரியத்தில் நீர்உரம். இலை கரும்பச்சையாகச் செழித்துப் பூ இல்லாமல் நின்றால் தழைச்சத்து கூடிவிட்டது, நிறுத்துங்கள். சாம்பல் போடுபவர்கள் பைக்கு மாதம் ஒரு சிறு கைப்பிடியைத் தாண்டக்கூடாது, மண் காரமாகிவிடும்.

---

காம்புக்கத்தி:

வேப்பெண்ணெய்க்கு: முதலில் பறித்துவிட்டு, அதே நாள் மாலை அடியுங்கள். லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய், சில துளி திரவ சோப்பு. சோப்பை முதலில் எண்ணெயில் கலந்து பிறகு தண்ணீர் விட்டால்தான் பால்போலக் கலங்கும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் தெளிக்கும் செடி கருகும். வெயிலில் அடித்தாலும் இலை கருகும். பூச்சி இருப்பது இலைக்கு அடியில், மருந்தும் அங்கே படவேண்டும். புட்டியில் எத்தனை நாள் இடைவெளி என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை நாள் கழித்துப் பறியுங்கள், அது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். எதுவானாலும் பறித்தபின் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித்தான் சமைக்க வேண்டும்.

அசுவினிக்கு எண்ணெய் எடுக்கும் முன் குழாய்த் தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சிப் பாருங்கள், மூன்று நாள் தொடர்ந்து, காலையில். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும், பறிப்பையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாவுப்பூச்சி அப்படிப் போகாது. நுனிக்கிளையில் கொத்தாக இருந்தால் அந்த நுனியையே நறுக்கி சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்றும் பாருங்கள், மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போவது அதுதான்.